முந்தி வந்த ஐஸ் பெட்டி

அத்தியாயம் 5

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஞானதாஸ், வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, அவரைப் படுக்க வைப்பதற்கான ஐஸ் பெட்டி வாசலில் வந்து இறங்கியது. பெட்டியோடு வந்தவர்கள் மிகவும் மரியாதை தெரிந்த ஆட்கள். செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு, முகத்தைத் தேவையான அளவுக்குத் தொங்கப் போட்டுக்கொண்டு, "பாடி எங்கங்க இருக்கு?" என்று பணிவாகக் கேட்டார்கள். கேட்டது பாடியிடமே.

பாடி எழுந்து போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பெட்டி வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் வேன் ஏறித் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு ஞானதாஸ் செய்த முதல் காரியம், துப்பறியும் கிளாராவுக்கு ஃபோன் போட்டதுதான்.

கிளாரா முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். செத்துப்போனதாகப் பணம் கேட்டு வருகிறவர்கள் நிஜமாகவே செத்திருக்கிறார்களா என்று போய்ப் பார்ப்பது அவள் வேலை. அந்த அனுபவத்தை மூலதனமாக வைத்துத் திண்டுக்கல்லில் துப்பறியும் ஆபீஸ் திறந்திருக்கிறாள். அவளுடைய உதவியாளன் அப்பாஸ் வண்டி ஓட்டுவான், படம் எடுப்பான், மீதி நேரமெல்லாம் வாய் பேசுவான். வாய்க்கென்று தனியாகச் சம்பளம் கேட்டுப் பார்த்தான். கிளாரா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஊகமெல்லாம் எனக்கு வேண்டாம்மா, நிரூபணம் வேணும்," என்றார் ஞானதாஸ். தலைமை ஆசிரியரான பிறகும் கணக்கு வாத்தியாராகவே காலத்தை ஓட்டியவர். வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரிடம்கூட நிரூபணம் கேட்பவர். "மூணு மணிக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன் வாங்கியிருக்கேன். இந்த வீட்ட என் மருமக ரீனா பேருக்கு எழுதி வைக்கிறதா இருந்துச்சு. எழுதுற அன்னைக்கே பெட்டி வருது. அப்படின்னா யாரோ எனக்கு நாள் குறிச்சிருக்காங்க. அது ரீனாதான்னு நான் நெனைக்கிறேன். இல்லைன்னா, யாருன்னு மூணு மணிக்குள்ள சொல்லுங்க. சொல்லலைன்னா வீடு என் அக்கா மகன் ஆண்டனிராஜுக்கு."

ரீனா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வடமதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பாதி வகுப்பில் ஓடி வந்தவள், தோளில் மாட்டிய பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. புருசன், அதாவது ஞானதாஸின் மகன் பிரிட்டோ, இரண்டு வருடத்துக்கு முன்பு பைக் விபத்தில் போய்விட்டான். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு யாரும் மிச்சமில்லை. இந்த வீடும் கையை விட்டுப் போனால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும். அவள் அழவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

அவளுக்கும் சேர்த்து ஆண்டனிராஜ் பேசிக்கொண்டிருந்தான். "நாளைக்குன்னு பெட்டிக்குச் சொல்லி வச்சிருப்பாக மாமா. வேன்காரன் முந்திக்கிட்டான். பத்திரம் முடிஞ்சதும் ராத்திரி சோத்துல எதையாச்சும்..."

"ஒங்க பேருக்கு மாத்துப் பத்திரம் ரெடியா?" என்று இடையில் கேட்டாள் கிளாரா.

"ரெடி மேடம். எழுத்தர்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன்," என்று மஞ்சள் ஃபைலைத் தட்டிக் காட்டினான் ஆண்டனிராஜ்.

"யப்பா! ஐஸ் பெட்டிக்காரனே ஒங்ககிட்டத்தான் வேகம் கத்துக்கணும் போல," என்றான் அப்பாஸ்.

அப்பாஸைப் பொறுத்தவரை கேஸ் அங்கேயே முடிந்துவிட்டது. வீடு யாருக்குக் கிடைக்கிறதோ அவன்தான் பெட்டியை அனுப்பியவன். ஆண்டனிராஜை இரண்டு அதட்டு அதட்டினால் உண்மை வந்துவிடும், ஜும்மா தொழுகைக்கும் நேரத்தோடு போய்விடலாம். ஆனால் கிளாரா ஆண்டனிராஜைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி விரித்திருந்தது. நடுவில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபம். இரண்டு பக்கமும் லேசாக எரிந்து அணைந்த மெழுகுவர்த்திகள்.

"காலையில கரண்ட் போச்சா சார்?"

"இல்லையே."

"பெட்டிக்கு முன்னாடி வேற யாரும் வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரல," என்றார் ஞானதாஸ். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

வாசலில் அப்பாஸ் திரும்பிப் பார்த்தான். "சார், ஒங்கள எங்கயோ பாத்திருக்கேன்."

"எங்கிட்டப் படிச்சிருப்ப."

"நான் படிச்சதே கொஞ்சம் சார். அந்தக் கொஞ்சத்துலயும் கணக்கு கெடையாது."

*

பெட்டி வந்த கம்பெனியின் பெயர் 'ஆறுதல் டோட்டல் சொல்யூஷன்ஸ்'. போன வருடம் வரை சவப்பெட்டி, ஐஸ் பெட்டி, வேன் மூன்றையும் வாடகைக்கும் விலைக்கும் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த கடை. பிறகு முதலாளிக்கு யாரோ 'ப்ராசஸ் இம்ப்ரூவ்மென்ட்' என்ற வார்த்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதன் விளைவாக ஆபீஸ் சுவர் முழுக்கப் பழுப்புத் தாள் ஒட்டி, அதன்மேல் கலர் கலராகத் துண்டுச் சீட்டுகளும் ஒட்டி, அதற்கு முன்னால் டை கட்டிய ஒரு ஆலோசகர் நின்றுகொண்டிருந்தார். அவர் பெயர் சிவபிரகாஷ்.

"ஞானதாஸ் வீட்டுக்குப் பெட்டி அனுப்பச் சொல்லி ஆர்டர் குடுத்தது யாரு?" என்றாள் கிளாரா.

"யாருமே ஆர்டர் குடுக்கல மேடம்," என்றார் சிவபிரகாஷ். சொல்லும்போதே முகத்தில் பெருமை வழிந்தது. "அதான் நாங்க பண்ணியிருக்கிற இம்ப்ரூவ்மென்ட்."

"புரியல."

அவர் ஒரு குச்சியை எடுத்தார். அதை எடுத்த தோரணையிலேயே இது சீக்கிரம் முடியாது என்று அப்பாஸுக்குத் தெரிந்துவிட்டது. "பழைய முறையப் பாருங்க. ஒருத்தர் இறந்து போறார். வீட்ல அழறாங்க. அப்புறம் யாருக்காச்சும் பெட்டி ஞாபகம் வருது. நம்பர் தேடுறாங்க. ஃபோன் பண்றாங்க. நாங்க டிரைவரத் தேடுறோம். அதுக்குள்ள போட்டிக் கம்பெனிக்காரன் பெட்டிய எறக்கிடறான். இதுல கஸ்டமருக்குப் பயன் குடுக்கிற ஸ்டெப் எது? பெட்டி போய்ச் சேர்றது மட்டும்தான். மத்ததெல்லாம் வேஸ்ட்."

"அழறதுமா?"

"எங்க சார்ட்ல அது வெயிட்டிங் டைம் மேடம்."

"சரி, சாவுறது?" என்றான் அப்பாஸ்.

"அது இன்புட். அத நாங்க கன்ட்ரோல் பண்ண முடியாது." கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார். "அதனால பெட்டி கெளம்புறதுக்கான சிக்னல முன்னாடி கொண்டு வந்தோம். ஆஸ்பத்திரியில டாக்டர் 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க'ன்னு சொன்னா, அது ஒரு சிக்னல். இந்த மாதிரி வேற சிக்னலும் வச்சிருக்கோம். இந்த வாரம்தான் ஆரம்பிச்சோம்."

"ஞானதாஸ் சாருக்கு என்ன சிக்னல் கெடச்சுது?"

"சாரி. தொழில் ரகசியம்."

கிளாரா அப்பாஸைப் பார்த்தாள். அப்பாஸ் சுவருக்குப் போனான். 'பெட்டி திரும்ப எடுத்தல்' என்ற சீட்டைப் பிய்த்து, 'உறவினர் வருகை' என்ற சீட்டுக்கு முன்னால் ஒட்டினான். 'மாலை, பூ' என்பதைக் கையில் எடுத்துக்கொண்டு இடம் தேடினான்.

"ஐயோ, தொடாதீங்க! அது ரெண்டு மாசத்து உழைப்பு!"

"தொடாம இருக்கணும்னா பேசுங்க," என்றாள் கிளாரா. "உயிரோட இருக்கிறவர் வீட்டுக்குப் பெட்டி அனுப்புனா போலீஸ்ல அத இம்ப்ரூவ்மென்ட்னு எழுத மாட்டாங்க. கொலை மிரட்டல்னு எழுதுவாங்க."

சிவபிரகாஷின் டை சற்றே இறுகிய மாதிரி இருந்தது. சிக்னலை டிரைவர்தான் பார்த்ததாகவும், டிரைவர் கண்ணுசாமி சர்ச்சுக்கு எதிரே டீக்கடையில்தான் டூட்டி பார்ப்பதாகவும் சொன்னார். முன்பு அங்கே செபஸ்தியான் என்ற பழைய ஆள் இருந்தானாம். போன திங்கட்கிழமை அவனைப் பழனிக் கிளைக்கு மாற்றிவிட்டு, அங்கே இருந்த கண்ணுசாமியை இங்கே கொண்டுவந்தார்களாம்.

"ஏன் மாத்துனீங்க? செபஸ்தியான் என்ன தப்பு பண்ணுனான்?"

"தப்பெல்லாம் இல்ல மேடம். ஒரே ஆளு ஒரே எடத்துல இருந்தா கம்பெனிக்கு ரிஸ்க். எல்லா வேலையும் எல்லாருக்கும் தெரியணும். அதுக்குப் பேரு ஜாப் ரொட்டேஷன்."

கிளம்பும்போது அவர் ஒரு வேண்டுகோள் வைத்தார். ஞானதாஸ் சாரிடம் சேவை எப்படி இருந்தது என்று கேட்டு, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று வாங்கித் தர முடியுமா என்றார். அப்பாஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். கிளாரா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

*

கண்ணுசாமிக்குச் சொந்த ஊர் தொப்பம்பட்டிப் பக்கம். காலையில் நடந்ததிலிருந்து அந்த மனிதன் எத்தனை டீ குடித்தானோ, முன்னால் காலி கிளாஸ்கள் வரிசையாக நின்றன. இவர்களைப் பார்த்ததும் எழுந்துகொண்டான்.

"நானென்னங்க பண்ணுவேன்? சார் சொன்னதத்தானுங்க செஞ்சேன். எதுத்தாப்ல இருக்கிற கோயில்ல இருந்து சாமியாரு சின்னக் கறுப்புப் பையோட வண்டிய எடுத்தாருன்னா, யாருக்கோ கடைசி நேரமுன்னு அர்த்தமுங்களாமா. பின்னாலயே போயி, எந்த ஊட்டுக்குள்ள நொழையறாருன்னு பாத்துக்கோணும். அவரு வெளிய வந்த பொறகு பெட்டிய எறக்கோணும். அம்புட்டுத்தானுங்க வேலை."

"இன்னைக்குக் காலையில பின்னால போனீங்களா?"

"போனேனுங்க. மொதல்ல அந்த வாத்தியாரு ஊடு. சரி, ஒருத்தரு போகப் போறாருன்னு நெனச்சேன். அங்கிருந்து வந்து அடுத்த தெருவுல ஒரு ஊட்டுக்குப் போனாருங்க. அப்பறம் இன்னொரு ஊடு. நிக்காமப் போய்ட்டே இருக்காருங்க! எனக்கு ஒடம்பெல்லாம் வேர்த்துப் போச்சுங்க. ஊரே ஒன்னா போகப் போகுதாட்ட இருக்குதேன்னு. வண்டியில இருக்கிறது ஒரே பெட்டி. யாருக்குன்னு குடுக்கிறது? ஞாயமா மொதல் ஊட்டுக்கே குடுத்தறலாமுன்னு திரும்பி வந்தேனுங்க."

கிளாரா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். அப்பாஸுக்கு எரிச்சல் வந்தது. வாய் பேசுகிற வேலை அவனுடையது. அவனுக்குப் புரியாத ஜோக்குக்கு அவள் சிரிப்பது நியாயமில்லை.

"அக்கா, எனக்கும் சொன்னா நானும் சிரிப்பேன்ல."

"இன்னைக்கு என்ன கெழம?"

"வெள்ளி. நீங்க என்னத் தொழுகைக்கு விடாததுலருந்தே தெரியலயா?"

"மாசத்தோட மொத வெள்ளி லே. எங்காளுகளுக்கு அது விசேசம். கோயிலுக்கு வர முடியாம படுத்திருக்கிறவங்க வீடு வீடாப் போயி சாமியார் நன்மை குடுப்பாரு, அதான் பூசையில தர்ற அப்பம். வீட்ல வெள்ளைத் துணி விரிச்சு, சுரூபம் வச்சு, மெழுகுதிரி ஏத்தி வச்சிருப்பாக. சாகப் போறவங்களுக்கு எண்ணெய் பூசப் போறது வேற சடங்கு. ரெண்டுக்கும் சாமியார் எடுத்துட்டுப் போற பை என்னமோ ஒன்னுதான்." கிளாரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செபஸ்தியானா இருந்தா, 'இன்னைக்கு மொத வெள்ளி'ன்னு இன்னொரு டீ சொல்லிட்டு உக்காந்திருப்பான். அந்த அறிவத்தான் ரொட்டேஷன்னு சொல்லிப் பழனிக்கு அனுப்பிட்டாக."

அப்பாஸ் சிரித்தான். பாதிச் சிரிப்பில் நிறுத்தினான்.

"அக்கா, அப்ப சாமியார் ஞானதாஸ் சார் வீட்டுக்குப் போயிருக்காரு. அவரு ஒருத்தரும் வரலன்னாரே?"

"அதான்."

"கோயிலுக்கு வர முடியாம படுத்திருக்கிறவங்களுக்குத்தானே குடுப்பாங்க? அவரு குத்துக்கல்லு மாதிரில்ல இருக்காரு?" சொன்னவன் சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டான். "யா அல்லா! அக்கா, அவர எங்க பாத்தேன்னு ஞாபகம் வந்துருச்சு!"

*

பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஞானதாஸ் மர பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். எதிரே கடந்து போனவர்கள் எல்லாம் இன்றைக்கும் கொஞ்சம் குனிந்தே போனார்கள். பக்கத்தில் மஞ்சள் ஃபைலோடு ஆண்டனிராஜ். தூணை ஒட்டி, பள்ளிக்கூடப் பையோடு ரீனா. கைரேகை வைக்கக் கூப்பிடுவதற்கு முன்னால் கிளாரா வந்து சேர்ந்தாள்.

"ஒங்களுக்கு நாள் குறிச்ச ஆளக் கண்டுபிடிச்சாச்சு சார்."

"நிரூபணம்?"

"இருக்கு."

ஆண்டனிராஜ் பெஞ்சு நுனிக்கு வந்தான். கிளாரா கறுப்புப் பையையும், டிரைவரையும், சுவர் முழுக்க ஒட்டிய சீட்டுகளையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாள். ஞானதாஸ் கேட்டுக்கொண்டே வந்து, ஓரிடத்தில் தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

"சாமியார்கிட்டயும் கேட்டுட்டுத்தான் வர்றேன். டிரைவர் ஏமாந்தது சாமியாரப் பாத்து. சாமியார் ஏமாந்தது யாரப் பாத்து? கோயிலுக்கு நடந்து வர முடியல, படுத்த படுக்கையா இருக்கேன்னு சொல்லி நாலு மாசமா மொத வெள்ளிக்கு அவர வீட்டுக்கு வரவழைக்கிறது யாரு சார்?"

ஞானதாஸ் செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"மாமா," என்றாள் ரீனா. அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். "நான் மொதப் பூசைக்குப் போயிட்டு வந்ததும், ரெண்டாம் பூசைக்குன்னு சொல்லிட்டு ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வெள்ளை வேட்டி கட்டிட்டுப் போவீங்களே. எங்க போனீங்க?"

அப்பாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். இந்தச் சந்தர்ப்பத்துக்காகத்தான் அவன் வழி நெடுக வாயை மூடிக்கொண்டு வந்தான். "பேகம்பூர்ல எங்க மாமு பாயாக் கடை வச்சிருக்காரு டீச்சர். இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா. ஞாயித்துக்கெழமை வந்தா சாருக்குன்னு ஓரத்துல ஒரு பெஞ்சு. எலும்ப உறிஞ்சுறதுல எங்காளுகளே சாருகிட்டத் தோத்துட்டாங்க."

சுற்றியிருந்த பழைய மாணவர்களில் ஒருவன் சிரித்துவிட்டு, பழைய பயத்தில் உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

"புதுச் சாமியார் பிரசங்கம் ரொம்ப நீளம்," என்றார் ஞானதாஸ் மெதுவாக. "வீட்ல ரீனா உப்பு, எண்ணெய், கறி எதையும் கண்ணுல காட்ட மாட்டா. சுகரு சுகருன்னு... சாமியார் வந்ததச் சொன்னா, ஏன் வந்தாருன்னு கேப்பா. அதான் சொல்லல. அதுக்கும் பெட்டிக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்குத் தோணல."

வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் போட்ட கணக்கில் தப்புக் கண்டுபிடித்தவருக்கு, ஒன்றையும் ஒன்றையும் கூட்டத் தெரியவில்லை. அவரை உயிரோடு வைத்திருக்க வீட்டில் ஒருத்தி உப்பை அளந்து போட்டிருக்கிறாள். அவளைத்தான் அவர் கொலைகாரி என்று தீர்மானித்திருந்தார்.

ஆண்டனிராஜுக்கு அந்த நேரம் பார்த்து அவசரமாக ஒரு ஃபோன் வந்தது. மணி அடித்த சத்தம் வேறு யாருக்கும் கேட்கவில்லை. அவன் மஞ்சள் ஃபைலோடு வெளியே போனான், திரும்பி வரவில்லை.

"ஞானதாஸ்!" என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

அவர் எழுந்தார். தோளை நிமிர்த்திக்கொண்டார். "வாம்மா ரீனா. ஒன் பேருக்கே முடிச்சிருவோம். சந்தேகம் தீந்து போச்சு. எல்லாம் சரியாப் போச்சு."

"எனக்கு வீடு வேணாம் மாமா."

ஞானதாஸ் நின்றார்.

"பக்கத்து வீட்டக்கா ஃபோன்ல 'ஒங்க வீட்டுக்கு ஐஸ் பெட்டி வந்திருக்கு'ன்னு மட்டுந்தான் சொன்னாக. பிரிட்டோவுக்கும் இப்படித்தான் பாதி கிளாஸ்ல ஃபோன் வந்துச்சு." ரீனாவின் குரல் உயரவே இல்லை. "வடமதுரையிலருந்து பஸ்ல வர்ற வரைக்கும் நீங்க செத்துட்டீங்கன்னு அழுதுக்கிட்டு வந்தேன். கண்டக்டர் டிக்கெட்டுக் காசுகூட வாங்கல. வாசல்ல நீங்க உசுரோட நிக்கிறீங்க. கையப் பிடிச்சுக்கலாம்னு ஓடி வந்தேன். நீங்க என்னப் பாத்து, 'பெட்டிய நீதானே வரச் சொன்ன'ன்னு கேட்டீங்க."

அப்பாஸுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவன் வாழ்க்கையில் அது அபூர்வமான சம்பவம்.

ஞானதாஸ் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தெரிந்த முகங்கள். இவர் முன்னால் கைகட்டி நின்றவர்கள். மன்னிப்புக் கேட்கச் சொல்லி இவர் முட்டி போட வைத்தவர்கள். அவர் மருமகளுக்கு நேராக வந்து நின்று, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"தப்பு என்னுது. ஒன்ன அப்படி நெனச்சது பாவம். என்ன மன்னிச்சிரும்மா," என்றார். கடைசி பெஞ்சு வரை கேட்டது. வகுப்பில் பாடம் நடத்திய அதே குரல்தான். நடுவில் மட்டும் உடைந்துவிட்டது.

ரீனா தலையைக் குனிந்து பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா என்று அப்பாஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. கிளாரா அவனைப் பின்னால் இழுத்து நிறுத்தினாள்.

"ஞானதாஸ் வந்திருக்காரா, இல்ல அடுத்த ஆளக் கூப்பிடவா?" என்று உள்ளிருந்து சலிப்பான குரல் வந்தது.

பெரியவர் அசையவில்லை. கும்பிட்ட கையை இறக்கவும் இல்லை. அவருக்குப் பதில் சொல்லத் தைரியம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"வந்திருக்காரு சார்," என்றாள் ரீனா. காலையில் பிடிக்க ஓடி வந்த கையை இப்போது பிடித்தாள். "செத்த நேரம் இருங்க. கூட்டிட்டு வாரேன்."